திரும்பி வந்து இருப்பதாகச் சொன்ன வீடு

செவ்வாய்க்கிழமை, இரவு.

"திரும்பி வருவம்தானே?" என்று என் மனைவி ஜெசிந்தா போன மாதம் கேட்டாள். மெல்பேர்னில் மகளோடு போய் இருக்க அப்போதுதான் சம்மதித்திருந்தாள்.

"ஓம், இரண்டு வருசத்தில" என்றேன். அதுவரை இங்கே ரூஜ் பகுதியில் உள்ள இந்த வீட்டை வாடகைக்கு விடுவதாகப் பேச்சு.

அதற்காக வீட்டுக் கடனை, மோர்ட்கேஜை, மாற்ற, பாங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை இன்று அழைத்தாள். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விதமான கடன், வாடகை வீட்டுக்கு வேறு. ஒரே பிள்ளையின் பெயரை இரண்டு வகுப்பு இடாப்பில் எழுத முடியாதல்லவா, அதுபோலத்தான்.

"அங்கிள், திரும்ப வந்து இருக்கிற பிளான் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை" என்று வாயில் வந்துவிட்டது.

ஜெசிந்தா குசினி வாசலில் நின்றாள். போய், சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். நாங்கள் வரும்வரை அது இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவள் அவள்தான்.

"கணக்கு வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது எண்டெல்லோ நினைச்சிருந்தனான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குப் பிறகு அவள் இந்த வீட்டில் தனியே கிடக்கக் கூடாது என்றுதான் இந்தப் பயணம். என் நெஞ்சைப் பற்றி டொக்டர் சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது. இப்போதும் நித்திரை கொள்ளாமல்தான் படுத்திருக்கிறாள்.

வாத்தியாரே, காலையில் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, டொக்டர் சொன்னதை முழுதாகச் சொல்லிவிடு.