மைனிக்கு, புகை இறங்கிய செம்பூரிலிருந்து

மைனி,

இன்று காலை உங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன். வெள்ளைச் சட்டையின் தோளில் சாம்பல் விழுந்திருந்தது. தட்டிவிட்டால் கறுப்பாக இழுத்துக்கொண்டது. குப்பைமேட்டில் மறுபடி தீ. பிளாஸ்டிக்கும் அழுகலும் சேர்ந்து எரிகிற அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே உங்கள் முகம்தான் வந்தது.

நான் பேறுகாலத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்த குளிர்காலத்திலும் இப்படித்தான். அம்மா இல்லாத எனக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. மேடு நாள்கணக்கில் எரிந்தது. எதிர்க் கட்டிடம்கூடத் தெரியவில்லை. இருந்த துண்டுகளையெல்லாம் நனைத்து ஜன்னல் இடுக்குகளில் திணித்தீர்கள். பிறகு என் பையைக் கட்டத் தொடங்கினீர்கள்.

"கெளம்புளா. மாட்டுங்காவுல எங்க சித்தி வீட்டுல இரு. வவுத்துப் பிள்ளைக்கும் சேத்துல்லா நீ மூச்சு விடுத."

"நீங்களும் வாங்க மைனி. உங்களுக்குல்லா இளைப்பு."

"நான் வந்துட்டா அங்கன்வாடிப் பிள்ளைகள யாரு பாப்பா? எனக்காவது மூச்சுக்கு அடிக்க பம்ப் இருக்கு. அதுகளுக்கு என்ன இருக்கு?"

குர்லாவில் வண்டி மாறும்போது கூட்டம் என் வயிற்றில் இடிக்காமல் குறுக்கே கையை வைத்துக்கொண்டே வந்தீர்கள். சித்தி தந்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள்.

மற்றதெல்லாம் அண்ணன் போனில் சொன்னது. அங்கன்வாடியை மூடச் சொல்லிவிட்டார்களாம். "ஸ்கூலுக்கு லீவு விட்டாச்சு. புகைக்கு யாரு லீவு விடுவா?" என்று கேட்டுவிட்டு, மேட்டை ஒட்டிய குடிசைகளுக்கு நீங்களே போனீர்களாம். விறகடுப்பு மூட்டாதீர்கள், குழந்தைக்கு மூச்சு இழுத்தால் காத்திருக்காதீர்கள் என்று உங்கள் உடைந்த மராட்டியில் வீடுவீடாகச் சொன்னீர்களாம். ஒரு வீட்டில் குழந்தையின் விலா உள்வாங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோ நுழைய முடியாத சந்து. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தைக்கு மூச்சு மருந்து வரும் மாஸ்க் மாட்டிவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தார். உடனே இன்னொரு மாஸ்க் எடுத்துவரச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல மாஸ்க் போட்டு உக்காந்திருக்காவ. உங்க மைனி அந்த நெலமையிலயும் கண்ண உருட்டி அவளச் சிரிக்க வைக்கா" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு சட்டென்று போனை வைத்துவிட்டான்.

அந்தக் குழந்தை பிழைத்தது. என் மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். புகை அடங்கிய பிறகு பார்க்க வந்தீர்கள். தலைக்குக் குளித்து, வேறு சேலை மாற்றி, "எம்மேல வாடை அடிக்கா பாரு" என்று கேட்ட பிறகுதான் அவளை வாங்கினீர்கள். அவள் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் நெஞ்சு மட்டும் பழையபடி ஆகவேயில்லை. மாடி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பீர்கள். நீங்கள் வாயாடி என்றுதான் கட்டிடமே நினைத்தது. மூச்சு வாங்கத்தான் நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் புகை என்ற வார்த்தையே இல்லை. "ஏற்கெனவே இளைப்பு இருந்ததுதானே" என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான். அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் பள்ளியில் ஓட்டப்பந்தயம். என் மகள், உங்கள் மருமகள், மூன்றாவதாக வந்தாள். நேராக என்னிடம் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மேலும் கீழும் மூச்சு வாங்கியது. பயந்து அவள் முதுகில் கை வைத்தேன். விசில் சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. ஓடியதால் வந்த மூச்சுதான் மைனி, வேறொன்றுமில்லை. அது அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றிருந்தேன்.