முறுக்கு டின்னும் இரண்டாவது ஆளும்

முறுக்கு டின் திரும்பி வந்துவிட்டது. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கிலிருந்து வந்த உன் பையில், ஊருக்கு உன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு, "இது உங்க வீட்டு டின்னாமே" என்று ஸ்டோர்காரர் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தேன். அடியில் எங்கோ முறுக்கின் எண்ணெய் வாடை, அதற்கு மேல் கிரீஸ் வாடை. உடனே மூடிவிட்டேன். ஆபீசில் அழுவது எனக்குப் பிடிக்காது.

தீபாவளிக்குக் கிளமெண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், முறுக்கைத் தின்று தீர்த்துவிட்டு டின்னையும் கேட்டாய். "காலி டின் எதுக்குப்பா?" என்றார் அம்மா. "போன் போட்டு வைக்க, ஆன்டி." அம்மா உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நீ விளக்கினாய். கடலுக்கு அடியில் தோண்டிய கிணற்றில் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுவார்கள். எண்ணெய் உள்ளே வர வேண்டுமானால் குழாயில் ஓட்டை போட வேண்டும். அதற்காக வெடி வைத்த நீளமான உருளையைக் கம்பியில் கட்டி இறக்கி, எண்ணெய் இருக்கும் பாறைக்கு நேராக வெடிக்கச் செய்வீர்கள். அதற்குப் பெயர் கன். டெட்டனேட்டர் மாட்டிய கன் மேலே இருக்கும்போது யாராவது போனிலோ வயர்லெஸ்ஸிலோ பேசினால், அந்த அலையே அதை வெடிக்கச் செய்துவிடலாம். அதனால் கன் ஆழத்துக்குப் போகும் வரை ரிக் முழுக்க மௌனம். எல்லாருடைய போனும் அணைத்து டின்னுக்குள் போய்விடும்.

"அப்ப மௌன விரதம்னு சொல்லு" என்றார் அம்மா. நம் இருவருக்கும் அன்றிலிருந்து அதுதான் பெயர். போனை டின்னில் போடுவதற்கு முன் எனக்கு 'விரதம்' என்று ஒரு செய்தி அனுப்புவாய். கையில் திரும்ப வந்ததும் 'முடிஞ்சுது'. ஆபீசில் உட்கார்ந்து வேலைத் திட்டம் எழுதுகிற நான், இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் தேநீரைத் தொடுவேன். பாதி நாள் ஆறிப்போன தேநீர்தான்.

உன்னைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். உனக்கு அந்தச் சலுகை கிடையாது.

முன்பெல்லாம் பாறையின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கன். இறக்கு, வெடி, ஏற்று, மறுபடி மாட்டு, மறுபடி விரதம். ரிக் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நீதான் பல கன்களை ஒரே சரமாகக் கோத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் வெடிக்கும் முறைக்கு எங்களை மாற்றினாய். ரிக்கில் மழையில் நனைந்துகொண்டு செய்த வயரிங்கை, வெடிமருந்து ஏற்றும் முன்பே கரையில் நம் துவாஸ் யார்டில் சோதித்து அனுப்ப வைத்தாய். ஒரே இறக்கத்தில் எல்லாம் முடிந்தது. அதில் உனக்கிருந்த பெருமையை நானும் பங்கு போட்டுக்கொண்டேன். நல்ல வேலை அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வேலை சுருங்கியதும், இரண்டு இன்ஜினியர் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். நீ தலையாட்டிவிட்டாய். தேக்கா மார்க்கெட்டில் தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு அந்தச் செய்தியை ஏதோ பதவி உயர்வு மாதிரி சொன்னாய். உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் முழிச்சிருக்கத்தானே ரெண்டு பேர்?" என்றேன்.

"சும்மா இரு லா. என்னோட மெத்தட். நான் ஒருத்தனே ஓட்டிக் காட்றேன்." இங்கே வந்து இந்த ஊர்ப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட 'லா' உனக்குக் கடைசி வரை பொருந்தவே இல்லை.

பதிலுக்கு நீ கேட்டது ஒன்றுதான். ரேடியோ அலைக்கு மசியாத புது டெட்டனேட்டர். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் 'விரதம்' வந்தது. 'முடிஞ்சுது' வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'விரதம்'. அவ்வளவுதான்.

கன்னை ஏற்றி இறக்கும் விஞ்சை இயக்குகிற சலீம் கரை திரும்பியதும் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னை வரச் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"கடைசி கன் வெடிக்கல அக்கா. மேல இழுத்துட்டோம். வெடிக்காத கன் மேல வந்தா மறுபடியும் சைலன்ஸ்தானே. அவர் மட்டும்தான் கிட்ட போயி டெட்டனேட்டரக் கழட்டணும். போகும்போதே நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு."

ஹெலிகாப்டரை வயர்லெஸ்ஸில்தான் கூப்பிட வேண்டும். கன் மேலே தொங்கும்போது வயர்லெஸ்ஸைத் தொடக் கூடாது. கழற்றத் தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடக்கிறான்.

"மெடிக் நெஞ்ச அமுக்கிட்டே இருந்தாரு. நான் கன்ன மறுபடியும் கெணத்துக்குள்ள எறக்கினேன். அவசரமா எறக்கவும் முடியாது. ஆழத்துக்குப் போற வரைக்கும் யாரும் பேச முடியல லா. எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க."

உடனே கூப்பிட்டிருந்தாலும் நீ பிழைத்திருப்பது கடினம் என்று விசாரணையில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

நீ கேட்ட டெட்டனேட்டர்கள் போன வாரம் யார்டுக்கு வந்து இறங்கின. உன் முறையை இப்போது உன் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். அடுத்த வேலைக்கு நான் எழுதிய திட்டத்தில் இரண்டாவது இன்ஜினியர் என்ற வரியை மேனேஜர் பேனாவால் அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார்.

"இனிமே போனையே அணைக்க வேணாம். ஹெலிகாப்டர எப்ப வேணா கூப்பிடலாம். அப்புறம் என்ன?" என்றார்.

"கூப்பிடலாம் சார். அது வந்து சேர்ற வரைக்கும் கன்ன யாரு பாத்துக்குவாங்க? போனா?"

ஒரே ஆளை வைத்து அனுப்புவதானால் என் கையெழுத்து இல்லாமல் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். மாலையில் "இந்த ஒரு தடவைக்கு மட்டும்" என்று ஒப்புக்கொண்டார்.

இன்று காலை இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அங்கே இனி யாரும் போனை ஒப்படைக்க வேண்டியதில்லை, யாரும் எனக்கு 'விரதம்' அனுப்பப்போவதில்லை. ஆனாலும் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் டின். தீபாவளி வருகிறது, அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

நீ இருந்திருந்தால் "ஒரு ஆள் வேஸ்ட் லா" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். அடுத்த திட்டத்திலும் நான் இரண்டு பேரைத்தான் எழுதப்போகிறேன்.