ஒரு பேட்டரியில் இழுத்த லைன்

நவ. 18, திங்கள்
காலையிலிருந்து தூறல். வெ.மலைக்கு மேலே காளியம்மா காட்டில் மரவள்ளிக் கிழங்கு லோடு. நேற்றே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு லோடு முடிந்து கயிறும் கட்டியாயிற்று.

சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடி. டிக், டிக். அவ்வளவுதான்.

வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தித் தொலைத்திருக்கிறேன். லோடு வண்டி, சேறு. தள்ளி ஸ்டார்ட் பண்ண வழியே இல்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டி என்ன பிரயோஜனம்.

காளியம்மாவுக்கு இருப்பது இந்தக் காடு ஒன்றுதான். புருஷன் கேரளாவில் கூலி வேலை. வருஷம் பூராவும் பாடுபட்டதில் பாதிக்கு மேல் இந்த லோடு. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் ஜவ்வரிசி பண்ணுகிற சேகோ ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுத்துவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தார்ப்பாயை இழுத்து மூடினார்.

டேஷ்போர்டில் ராஜி போட்டோ. முன்னால் சிவப்பு பல்பு. அது மட்டும் எரிகிறது.

நவ. 19, செவ்வாய்
மழை விடவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்தது.

காலையில் ஒரு பிக்கப் வந்தது. அது பன்னிரண்டு வோல்ட் வண்டி. ஒரு பேட்டரிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் பாதி சுற்றி நின்றது. பெரிய லாரி எதுவும் மேலே வரவில்லை. காளியம்மா நாலு தடவை வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

லாரிக்கு இரண்டு பேட்டரி. பன்னிரண்டும் பன்னிரண்டும் சேர்ந்து இருபத்துநாலு. கடையில் விற்கிற பாட்டுப்பெட்டி, பல்பு எல்லாம் பன்னிரண்டு. அதனால் டிரைவர்கள் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் லைன் இழுத்துவிடுவார்கள். அந்த ஒன்று பட்டினி கிடக்கும். இன்னொன்று அளவுக்கு மேல் தின்று கொதிக்கும். கடைசியில் இரண்டும் காலி. லாரி ஸ்டாண்டில் இதைச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். பாட்டு கேட்கணும்னா வூட்ல உக்காந்து கேளுடா என்று.

ஆடியில் ராஜி போனாள். காரியம் முடித்து வண்டி எடுத்த அன்று நானே அந்த லைனை இழுத்தேன். பின்பக்கத்துப் பேட்டரியில் இருந்து. ஒயர் தெரியாமல் மிதியடிக்கு அடியில் விட்டேன். இருபத்தாறு வருஷம் குடித்தனம். என் வண்டி வந்து நிற்கிற வரைக்கும் அவள் வாசல் பல்பை அணைத்ததே இல்லை. ஒரு நாளானாலும் மூன்று நாளானாலும். பட்டப்பகலில் எதற்கடி லைட்டு என்று கத்துவேன். காதிலேயே வாங்க மாட்டாள். வருஷ திதி வரைக்கும் அவள் போட்டோ விளக்கு ஒரு நிமிஷம்கூட அணையக்கூடாது என்று மனசில் வைத்துக்கொண்டேன். சுவிட்சே வைக்கவில்லை.

இன்றாவது கழற்றியிருக்கலாம். கை போகவில்லை.

நவ. 20, புதன்
மதியம் ஜல்லி லாரி ஒன்று மேலே வந்தது. கேபிள் போட்டதும் பிடித்துக்கொண்டது. ஆலை வரைக்கும் இன்ஜினை நிறுத்தவில்லை. காளியம்மாவும் கேபினில் வந்தார். போட்டோவைப் பார்த்து, அக்காவா என்று கேட்டார். தலையாட்டினேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆலையில் வரிசை. சூப்பர்வைசர் ஒரு கிழங்கை ஒடித்தார். உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடுகள். இன்னொன்று. அதுவும். இன்னும் நாலு. எடுத்துக்கினு போயிடுங்க என்றார். குரலை உயர்த்தவில்லை. மொத்தத்தையும் ஆலைக்குப் பின்னால் இருக்கிற எருக்குழியில் கொட்டினோம். காளியம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கையில் ஒடித்த கிழங்கு ஒன்று.

"வண்டிக்கு இன்னாண்ணா ஆச்சு?" என்று கேட்டார்.

பேட்டரி கடை பாபு போன மாசம்தான் பார்த்தான், சரியாகப் பார்க்கவில்லை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில். சீ.

நவ. 21, வியாழன்
வெயில். தலைவலி.
வாங்க: மாத்திரை, ஷேவிங் பிளேடு, உப்பு. வீட்டில் உப்பு இல்லை என்பது சோறு பொங்கின பிறகுதான் தெரிகிறது.

க.குறிச்சி டீக்கடையில் பேச்சு. "மலைக்கார அம்மா ஒண்ணு பாபு கடையில நின்னு அழுவுது. ஒன்னாலதான் எம் பொழப்பே போச்சுன்னு. அவன் வாயத் தொறக்கல."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பாபு கடை எதிர் வரிசைதான். குனிந்துகொண்டு பைக்கை எடுத்தேன்.

நவ. 22, வெள்ளி
பாபுவிடம் வண்டியை விட்டேன். இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் மனுஷனில்லை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். ஆசிட் பார்த்தான். ஒன்றில் தண்ணீரே வற்றிக் கிடக்கிறது, மற்றதில் சத்தே இல்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். வேறு பேச்சு வரவில்லை, அதனால் கேட்டேன்.

"ஒண்ணு மட்டும் மாத்தாதீங்கணா. இத்தினி நாளா ஜோடியா ஓடினது. ஒண்ணு போயிட்டா இன்னொண்ணும் ஜாஸ்தி நாளு..."

நிறுத்திவிட்டான். ஸ்பேனர் எங்கே என்று தேட ஆரம்பித்தான். ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

சொல்லிவிட்டேன். லைன் இழுத்தது நான்தான், அந்த அம்மாவிடம் உன் பேரைச் சொன்னதும் நான்தான் என்று.

"தெரியும்ணா. போன மாசமே பாத்தேன். ஒயரப் புடிச்சிக்கினே போனேன். அண்ணி போட்டோவாண்ட போயி நின்னுது. எப்பிடிணா அவுக்கறது?"

ராஜி கையால் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பான். வீட்டுக்கு வந்து வண்டி பார்க்கிற நாளெல்லாம் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாள்.

அந்த அம்மா திட்டும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பார்த்த அன்றைக்கே அவிழ்த்திருந்தால் கிழங்கு தப்பியிருக்கும், தன் மேலும் தப்பு இருக்கிறதே என்றான். அவன் மேல் என்ன தப்பு. கடையில் வைத்தே அழுதுவிட்டேன். வாடிக்கையாளர் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

இரண்டையும் புதிதாக, ஒரே மாதிரியாகப் போடவேண்டும். விளக்குக்கு ரெடியூசர் என்று ஒரு பெட்டி வைக்கலாம். அது இரண்டு பேட்டரியிலும் சமமாக எடுத்துப் பன்னிரண்டாக இறக்கிக் கொடுக்கும். ஆனால் சாவியோடு சேர்த்துத்தான் கொடுப்பானாம். சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணைந்துவிடும். அதுக்கு ஒத்துக்கினா போடறேன் என்றான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நவ. 23, சனி
சொல்லவில்லை. நாள் பூராவும் படுத்தே கிடந்தேன்.

நவ. 24, ஞாயிறு
பைக்கில் மலைக்குப் போனேன். மேலே பனி. பைக்கை நிறுத்தி இறங்கியதும் செருப்பு அறுந்துவிட்டது, ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

காளியம்மா அடுத்த நடவுக்கு மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு கட்டு முடிந்து கயிறு கட்டின பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஒரு போட்டோவுக்காவவாண்ணா எம் பாடு போச்சு?"

ஆமாம் என்றேன்.

மிச்சக் காட்டை வியாழக்கிழமை பிடுங்குகிறார்களாம். வேறு வண்டி சொல்லியாகிவிட்டதாம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் காட்டுக் கிழங்கு என் வண்டியில்தான் இறங்கியது. உட்காரச் சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான். கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டார்.

"அந்தப் பாபு தம்பிய ஒண்ணும் இல்லாததுக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லிடுண்ணா."



நவ. 25, திங்கள்
காலையிலேயே பாபுவிடம் காளியம்மா சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினான். சாவியோடு சேர்த்தே போடு என்றேன்.

இரண்டு பேட்டரி. ரெடியூசர். பழைய ஒயரை அவனை அவிழ்க்க விடவில்லை, நானே அவிழ்த்தேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். இத்தனை நாளில் என் வண்டி எப்படிப் பிடிக்கும் என்பதே மறந்து போயிருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசல். வண்டியை நிறுத்தினேன், இன்ஜினை நிறுத்தவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. நான் வந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, இன்னாங்க, வண்டி ஓடிக்கினே இருக்குது, ரிப்பேரா என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

சாவியை எடுத்தேன். அணைந்தது.

வீடு பூராவும் இருட்டு. இறங்கிப் போய் வாசல் பல்பைப் போட்டேன்.