மகாராணிக்கு இரண்டு ஷிப்ட்

12 ஜூன், வியாழன்

எங்கள் நிட்டிங் ஃப்ளோரில் அத்தனை மிஷின்களும் ஒன்றாய் ஓடும்போது எழும் சத்தம், என் வீட்டு மாடியில் வசிக்கும் நான்கு மாதச் சிறுமியின் குரலுக்கு முன்னால் கொசுவின் முணுமுணுப்பு. மிகையாகச் சொல்லவில்லை. மிகையாகச் சொல்வதென்றால், இன்று சாயங்காலம் அவள் அழுத அழுகையில் திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறையில் பாதி செதுக்கிக் கிடந்த நந்தி எழுந்து ஓடிவிட்டது என்று எழுதியிருப்பேன்.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காக: மாடியில் என் அண்ணன் மகன் கவின், அவன் மனைவி யாழினி, அவ்விருவரையும் ஆளும் மகாராணி ஆதிரை. கீழே நான், கல்யாணம் என்ற கண்டத்தில் அகப்படாமல் ஐம்பத்தெட்டு வயதைக் கடந்த அப்புசாமி, வேலம்பாளையம் முழுமைக்கும் சக்கரவர்த்தி, நிட்டிங் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அண்ணனும் அண்ணியும் போய்ச் சேர்ந்த பிறகு கவினுக்கு அப்பன் வேலையும் கூடுதல் பொறுப்பாக என்னிடமே.

இன்றைய போர். கவின் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னும் அழுதுட்டுத்தான் இருக்காளா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். யாழினி, "இல்லீங்க, இத்தன நேரம் பாட்டுப் படிச்சுட்டு இருந்தா. உங்களப் பார்த்துட்டு நிறுத்திட்டா" என்றாள். நல்ல பதில். போன வருடமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரே கம்பெனியில் இருந்தபோது கவின் கொண்டுபோகும் ஒவ்வொரு பனியனிலும் சாம்பிள் செக்‌ஷனில் இருந்த அவள் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள். அந்தக் குற்றங்களை விசாரிக்கப் போய்ப் போய்த்தான் கல்யாணமே நடந்தது.

இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யார் சாத்தியது என்று கீழிருந்து தெரியவில்லை.

14 ஜூன், சனி

டாக்டரம்மாவிடம் போனோம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லையாம். எடை ஏறுகிறதாம். சில குழந்தைகள் இப்படித்தானாம், தானாகக் குறையுமாம். "எப்பங்க குறையும்?" என்று யாழினி கேட்டாள். "அதச் சொல்ல முடியாதும்மா."

ஒரு வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து அதைத் திட்டியிருப்பார்கள். அதுவும் கிடைக்கவில்லை. ஆட்டோவில் வரும்போதே ஆளுக்கொரு குற்றவாளியைத் தேடிக்கொண்டார்கள்.

"உங்கூட்டுல யாராச்சும் சின்னதுல இப்படி அழுதிருக்காங்களான்னு உங்கம்மாகிட்டக் கேளு" என்றான் கவின்.

"எங்கூட்டுல அழ வைக்கற ஆளே இல்லீங்க" என்றாள் யாழினி.

நடுவில் நான், என் தோளில் மகாராணி. தீர்ப்பை அவள் என் சட்டை முதுகில் எழுதினாள், குடித்த பால் அத்தனையாலும்.

16 ஜூன், திங்கள்

இன்று வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. சரித்திரத்தில் முதல் முறை. அழுகைக்கு நடுவே ஒரு சொல் நுழையவும் இடமில்லை.

20 ஜூன், வெள்ளி

துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, நாலு காலில் நின்று காங்கேயம் காளையாக மாறி மகாராணியின் முன் ஆடினேன். மூச்சை நிறுத்திப் பார்த்தாள். ஆகா, வென்றோம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் உயரமான ஒரு சுருதியைக் கண்டுபிடித்தாள். முட்டி பிடித்துக்கொண்டது. தூக்கிவிட ஆள் தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டு மாரக்காள் வசம்பும் மாசிக்காயும் உரசி ஒரு சங்கில் கொண்டுவந்தாள். டாக்டரம்மா வேண்டாம் என்றிருக்கிறார், அதனால் யாழினி கும்பிட்டு மறுத்தாள். "ஒரு தடவ குடுத்துத்தான் பாத்தா என்ன?" என்றான் கவின். சண்டை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் சண்டையிலும் மரியாதை குறையாது. "நீங்கெல்லாம் ஒரு மனுசனாங்க?" என்று கேட்டாள். "பகலெல்லாம் நானுங்க. ராத்திரியும் நானுங்க. நீங்க எதுக்குங்க இருக்கீங்க?" ஒவ்வொரு 'ங்க'வும் ஒவ்வொரு அரிவாள். கவின், "நானும் தூங்கி எத்தன நாளாச்சு, எம்மூஞ்சியப் பாரு" என்றான். அவள் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போனால் என்ன ஆகும்? குழந்தை ஒரு நாள் அழுகையை நிறுத்திவிடும், சரி. அன்றைக்கு இவர்கள் இருவரும் என்ன மிச்சம் இருப்பார்கள்?

22 ஜூன், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை வருடம் நிட்டிங்கில் குப்பையா கொட்டினேன்? மிஷின் நிற்காது. நிற்கக் கூடாது. ஆனால் ஆள் நிற்கலாம், படுக்கலாம், குறட்டை விடலாம். ஏன்? ஷிப்ட்.

இருவரையும் மாடிப்படியில் உட்கார வைத்து அரசாணை பிறப்பித்தேன். முன்னிரவு கவின், பின்னிரவு யாழினி. ஞாயிற்றுக்கிழமை பகலையும் பாதிப் பாதியாகப் பிரித்தாயிற்று. ஷிப்டில் இல்லாதவர் கீழே என் அறையில் படுக்க வேண்டும். என் பழைய டேபிள் ஃபேன் போடும் இரைச்சலில் மாடியே இடிந்து விழுந்தாலும் கேட்காது. நான் வாசலில் கயிற்றுக் கட்டிலுக்குக் குடிபெயர்கிறேன், ராஜ்ஜியம் துறந்த மன்னனாக.

"மாத்திவிடறப்ப என்ன ஏதுன்னு சொல்லிட்டு நேராப் போய்ப் படுத்தரோணும். பேச்சு வளர்க்கக் கூடாது. பேசுனா சண்டை" என்றேன்.

இருவரும் தலையாட்டினார்கள். பாவம், அந்த நிலையில் கிணற்றில் குதிக்கச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள், கிணற்றுக்குள் தூங்கலாம் என்றால்.

27 ஜூன், வெள்ளி

வெற்றி. சண்டை ஓய்ந்தது. கவின் முகத்தில் கண்கள் இருந்த இடத்தில் மறுபடி கண்கள் தென்படுகின்றன.

கம்பெனியில் இசக்கிமுத்துவிடம் பெருமையடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நைட் ஷிப்ட் ஆபரேட்டர். அவன் மனைவி கார்மென்ட்ஸில் பகல் வேலை. "நல்ல ரோசனதான் அண்ணாச்சி. நாங்களும் அப்படித்தான ஓட்டுதோம். எம் பொஞ்சாதி தலையில நரை விழுந்ததே போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போனப்பத்தான் பார்த்தேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மிஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

2 ஜூலை, புதன்

இன்றும் சண்டை இல்லை. எனக்குச் சிலை வைப்பவர்கள் பூண்டியிலேயே செய்யட்டும், கல் நன்றாக இருக்கும்.

6 ஜூலை, ஞாயிறு

காளான் சில்லி வாங்கி வந்தேன். இருவருக்கும் உயிர். ஒரே தட்டில் போட்டுக் கடைசித் துண்டுக்கு அடித்துக்கொள்வார்கள். இன்று கவின் மேலே தோளில் குழந்தையோடு நின்றபடி தின்றான். யாழினி எழுந்து வந்து ஆறிப்போனதைத் தின்றாள். "அவரு சாப்ட்டாருங்களா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். அவர் பதினைந்து படிக்கு மேலேதான் இருக்கிறார்.

ஷிப்ட் மாற்றுவதைப் படியடியில் நின்று கவனித்தேன்.

"பால் குடிச்சுட்டா. பாதி கக்கிட்டா. இடது தோள்ல போட்டாக் கொஞ்சம் நிக்கறா."

"சரிங்க."

அவ்வளவுதான். குழந்தை கைமாறியது, கைகள் படவில்லை. எங்கள் ஃப்ளோரில் இதைவிடக் கூடுதலாகப் பேசுவார்கள். எந்த மிஷினில் ஊசி உடைந்தது, எவன் லீவு போட்டான், எவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் — எல்லாம் பேசுவார்கள்.

பேசாதே என்று சொன்னது யார்? நான்தான்.

10 ஜூலை, வியாழன்

யாழினி தூங்கப் போன நேரத்தில் அறையில் விளக்கு எரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் காய்ச்சல் மாத்திரை அட்டை, பாதி காலி.

"இது யாருக்குங்க மாமா?"

கவினுக்குத்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. திங்களும் செவ்வாயும் நெருப்பாய்க் கொதித்தான். என் அறையில்தானே படுத்தான், மாத்திரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "அவகிட்டச் சொல்லாதீங்க சித்தப்பா, அவ ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கறேன்னு நிப்பா" என்றான். நல்ல எண்ணம். நானும் நல்ல எண்ணத்தில் வாயை மூடிக்கொண்டேன். காய்ச்சலோடு அவனும் தன் ஷிப்டைப் பார்த்து முடித்தான்.

"மிஷின்ல எண்ணெ வத்திப்போனாக்கூட மாத்திவிடறப்ப சொல்லிட்டுத்தானுங்க போவாங்க?"

நான் மாத்திரை அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

"எனக்கு ரிலீவர் ஒருத்தர் இருக்காருங்க மாமா. நல்ல ரிலீவர். நேரத்துக்கு வந்தர்றாரு. புருசன் இருக்காரான்னுதான் தெரியலீங்க."

அழவில்லை. அழுதிருந்தால் தண்ணீராவது மொண்டு கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போகிறாளாம். அம்மாவிடம் கார் அனுப்பச் சொல்லிவிட்டாளாம். எப்பக் கண்ணு வருவே என்று கேட்டேன். ஃபேன் இரைச்சலில் கேட்காதவள்போல் படுத்துக்கொண்டாள்.

11 ஜூலை, வெள்ளி

கவினிடம் சொன்னேன். "போகட்டுங்க சித்தப்பா. அங்க அத்தை பார்த்துக்குவாங்க, இவ நல்லாத் தூங்கட்டும்" என்றான். இதையே அவளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான்: "போயிட்டு வா, நல்லாத் தூங்கு."

பாவி. போகாதே என்று சொல்வான் என்றுதான் அவள் இரண்டு நாளாகத் துணியை மடித்து மடித்து மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது. அவனுக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்த நான் ஏன் சொல்லவில்லை? என்னவென்று சொல்வது, பிரம்மச்சாரி வாய்.

13 ஜூலை, ஞாயிறு

கார் வந்தது. போயிற்று.

வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினோம். சகிக்கவில்லை.

16 ஜூலை, புதன்

முன்னிரவு வந்தால் கவினுக்குத் தன் ஷிப்ட் நினைவு தானாக வருகிறது. எழுந்து மாடிக்குப் போகிறான். அங்கே யாரும் இல்லை.

விடிந்ததும் காபி கொண்டுபோனேன். தொட்டில் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். நான் காபியோடு அப்படியே திரும்பி வந்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

காங்கேயம் போனேன். சம்பந்தியம்மா ரங்காத்தாள், தேங்காய் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர், ஒரு அதட்டில் எருதுகளை உட்கார வைப்பவர். மகாராணி அவரை ஒரே வாரத்தில் வீழ்த்தியிருக்கிறாள். "நானும் மூணு பெத்து வளத்தனுங்க. இப்படி ஒண்ணக் கண்டதில்லீங்க" என்றார், ஒரு கண்ணை மட்டும் திறந்து.

யாழினி வந்து உட்கார்ந்தாள். தூங்கியவள் முகமாக இல்லை.

"கவின் அழுதான் கண்ணு" என்றேன்.

"எத்தன குடமுங்க மாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் செய்த வினை. இந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எதைத்தான் உள்ளபடி சொன்னேன்? கல்யாணத்துக்கு லட்சம் பேர் வந்ததாகவும், மழை பெய்தால் நொய்யல் என் கட்டிலுக்கடியில் ஓடியதாகவும் சொல்லிச் சொல்லி, பாதியைக் கழித்துக் கேட்கப் பழக்கிவிட்டேன். இப்போது ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுபோனால் அதிலும் பாதியைக் கழிக்கிறாள்.

"நெசமாலும் கண்ணு. தொட்டில் சேலைய மடியில வெச்சுட்டு—"

"விடுங்க மாமா. அவருக்கு மனசுல இருந்தா அவரு வந்து சொல்லட்டுமுங்க."

கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசல் வரை வந்து, "ஆடி பொறந்துருச்சு. இந்த மாசம் பச்சப்புள்ளயோட கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க. ஆவணில பார்த்துக்கலாம்" என்றார். பார்த்துக்கலாம் என்ற சொல்லில் குரல் கொஞ்சம் இறங்கியது. யாழினியும் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

வேலம்பாளையத்தில் கேட்பவர்களிடம் எல்லாம் ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆடி நல்ல மாதம். எல்லாவற்றையும் மூடிவைக்கிறது. முடிந்த பிறகு என்ன சொல்வது?

24 ஜூலை, வியாழன்

கவினிடம் எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னேன். "போடா. போய்ப் பாரு."

"ஷிப்மெண்ட் இருக்குதுங்க சித்தப்பா."

"அது எப்பவும் இருக்கும்."

"போனா சண்டை வருமுங்க."

"வரட்டும்."

"வந்தா என்ன பண்றதுங்க?"

எனக்கெப்படித் தெரியும்? நான் யாரோடு சண்டை போட்டிருக்கிறேன், யாரோடு சமாதானம் ஆகியிருக்கிறேன்? சக்கரவர்த்தி எழுந்து கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார். அவை காய்ந்திருக்கவும் இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் கவின் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பெரிய பை. வேலைக்குப் போடும் சட்டைகள் தேய்த்து மேலாக இருந்தன.

"ஆடில கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா" என்றேன்.

"கூட்டிட்டு வரலீங்க சித்தப்பா. நான் அங்கிருந்தே கம்பெனிக்கு வந்து போறனுங்க. பஸ் இருக்குது."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலீங்க." வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். "தூக்கக் கலக்கத்துல ஓட்ட வேண்டாமுன்னுதானுங்க."

மாமியார் வீட்டில் போய்க் குடியிருக்கும் மாப்பிள்ளை என்று ஊர் நாலு விதமாகப் பேசும். நேற்று வரை அவனும் அதற்குப் பயந்தவன். போய்விட்டான்.

அவள் சேர்த்துக்கொள்வாளா? தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எதுவும் இந்த விஷயத்தில் உதவவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மாரக்காள் மதில்மேல் எட்டி, "உங்க பையன் மாமியாரூட்டுக்கே போயிட்டானாமாங்க?" என்றாள்.

"ஆமாங்க. காங்கேயத்துல ஒரு காளை யாருக்கும் அடங்கலையாம். ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் அறை எனக்கே திரும்பக் கிடைத்தும் வாசல் கட்டிலிலேயே படுக்கிறேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நானே போன் போட்டேன், மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு.

கவின் எடுத்தான். பின்னால் மகாராணி, குரலில் ஒரு குறையும் இல்லை. "சொல்லுங்க சித்தப்பா… ஒரு நிமிசம் இருங்க."

போனை எங்கோ வைத்தான். பிறகு யாழினியின் குரல்.

"அந்தத் துணி இல்லீங்க, ஈரம். இன்னொண்ணு எடுங்க."

"எங்க வெச்சே?"

"கண்ணு முன்னாலதானுங்க இருக்குது. கண்ணத் தொறந்து பாருங்க."

"தொறந்துதான் வெச்சிருக்கேன். நீ வெக்கற எடத்துல வெச்சாத்தான கிடைக்கும்?"

"ஆமாங்க, நான் ஒண்ணும் சரியில்ல. நகருங்க அந்தப்பக்கம், நானே எடுத்துக்கறேன். நகருங்கங்கறேன், கால மிதிக்கறீங்க."

"நீ மொதல்ல உக்காரு. காலைல இருந்து நிக்கறே. உக்காருன்னா உக்காரு."

அழுகை. ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள், ஒன்றும் விளங்கவில்லை. நான் போனில் இருக்கிறேன் என்பதை யாரும் நினைக்கவில்லை.

வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். சார்ஜ் தீரும் வரைக்கும் வைக்கவில்லை.