பொங்கலன்று மூடிய முகங்கள்

ஜன. 27, திங்கள். கேட்டி, டெக்சஸ். காலையிலிருந்து தூறல்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. பள்ளிக்கூட ஹால் கடைசி நேரத்தில் கைவிரித்தது. இடம் கொடுத்தது பல் டாக்டருக்குப் பக்கத்திலிருக்கும் ஆர்ட் கேலரி. கறுப்பின ஓவியர்களுக்காக டெனிஸ் என்ற அம்மாள் நடத்துவது. ரிடையர்டு டீச்சர். வாடகை வேண்டாம், அக்கம்பக்கம்தானே என்றார். சுவரெல்லாம் ஆளுயரப் படங்கள். தலை பின்னிக்கொள்ளும் பெண், டிரம்பெட் ஊதுபவர், சர்ச் தொப்பி வைத்த கிழவி. கீழே ஊர்கள்: கானா, ஹைட்டி, லூசியானா.

தலைவர் முரளி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது, எங்க திரும்பினாலும் கறுப்பு மூஞ்சி? இத பின்னாடி வச்சுக்கிட்டு ஃபேமிலி ஃபோட்டோ எப்படி எடுக்கறது?"

கமிட்டிப் பெண் சுதா: "டெக்கரேஷனுக்குக் கொண்டுவந்த பட்டுப்புடவை இருக்கே அண்ணா. கவர் பண்ணிடலாம்."

சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் ஒரு முகம் பாக்கியில்லை. முரளியின் நிறம் என் நிறம். அந்தக் கிழவியின் நிறமும் அதுதான். நான் கரும்பு கட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டெனிஸ் சாப்பிட வந்தார். தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஏன் மூடியிருக்கிறது?

முரளிக்குக் கண்கூட இமைக்கவில்லை. "இட்ஸ் அவர் கஸ்டம், மேடம். நல்ல நாள்ல மனுஷ முகம் எதுவும் தெரியக்கூடாது." அவர் முதுகுக்குப் பின்னால் நாங்களே கொண்டுவந்து வைத்த சங்கத்துப் பழைய தலைவர்களின் ஃபோட்டோக்கள், மாலையோடு!

டெனிஸ் மன்னிப்புக் கேட்டார். முன்பே தெரிந்திருந்தால் தானே மரியாதையாகக் கழற்றி வைத்திருப்பாராம். அவர், எங்களிடம், மன்னிப்பு.

ஜன. 28, செவ்.

ஐ-டென் ஹைவேயில் விபத்து, ஆபீசுக்கு லேட். காபிப் பொடி தீர்ந்தது. கார் டயர் பார்க்க வேண்டும்.

மனைவி விஜியிடம் சொன்னேன். "உங்களை செகரட்டரி போஸ்ட்லேர்ந்து தூக்கினாங்கல்ல, அந்தக் கோவம். அதுக்கு இது ஒரு சாக்கு."

கோபம் உண்டு. போஸ்ட்டைப் பிடுங்கியது. என் நாடகத்தை நிறுத்திவிட்டு சினிமா டான்ஸ் வைத்தது. மைக்கில் 'பெருசு' என்றது. ஒன்றையும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அதனால் சனிக்கிழமை நடந்தது நடக்காததாகிவிடுமா?

ஜன. 30, வியா. வெயில், ஆனால் குளிர்.

பால் வாங்கப் போனவன் கேலரிக்குள் நுழைந்தேன். ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம். டெனிஸ் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: நம் தமிழ் அண்டைவீட்டார் பண்டிகை நாளில் மனித முகங்களை மூடிவைப்பார்கள், அது அவர்கள் மரியாதை. ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொள்கிறான்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். அலமாரியைத் திறந்து காட்டினார். புதிதாகத் தைத்த வெள்ளைத் துணிகள், இஸ்திரி போட்டு. அடுத்த வருஷம் எங்களுக்காக. சர்ச் தொப்பிக் கிழவி, வரைந்தவரின் அம்மாவாம். போன வருஷம் போய்விட்டார். அந்த மகனிடம் டெனிஸ் விஷயத்தைச் சொன்னாராம். வழக்கமென்றால் சரி, அம்மாவும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள் என்றாராம்.

நான் சொன்னது: "தேங்க் யூ." த்தூ.

ஜன. 31, வெள்.

முரளிக்கு ஃபோன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள் என்றேன்.

"விடுங்க சார். அவங்களும் ஹேப்பி, நாமளும் ஹேப்பி. நாளைக்கு பிளாக் ஹிஸ்டரி மன்த் ஸ்டார்ட் ஆகுது, சங்கத்து பேஜ்ல ஒரு வாழ்த்து போட்டுடுவோம்."

பிப். 1, சனி.

போட்டுவிட்டார்கள். கறுப்பின சகோதரர்களோடு தோள் சேர்ந்து நிற்கிறோமாம். கீழே விழாவில் எடுத்த குரூப் ஃபோட்டோ. எல்லோரும் பட்டில். பின்சுவர் முழுக்கவும் பட்டு. டெனிஸ் ஹார்ட் போட்டிருக்கிறார்.

மூன்று பத்தி எழுதினேன், ஆங்கிலத்தில், அவரும் அந்த ஓவியரும் படிக்கும்படி. அப்படி ஒரு வழக்கம் எங்களுக்கு இல்லை. நிறம் பிடிக்காமல் மூடினோம். மூடியவர்களில் பாதிப்பேர் அதே நிறம்.

கேட்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்கும் ஃபேஸ்புக் குரூப்பில் போடப்போகிறேன். விஜி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, "போடுங்க. உங்க பேர் மட்டும் வேண்டாம். நம்ம திவ்யா அரங்கேற்றத்துக்கு நாலு பேர் வரணும்."

நாலு பேர் வராவிட்டால் போகட்டும். ஆனால் என் பெயரைப் பார்த்தால் ஒரு வாரம் என்னைப் பற்றியே பேசுவார்கள், செகரட்டரி போஸ்ட், நாடகம், பெருசு. படத்திலிருக்கும் அந்தக் கிழவியின் முகத்தைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

பெயரில்லாமல் போடுகிறேன்.