அப்பாவைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு

டைட்டா மலை, ஞாயிறு

அன்பு மகள் வகேஷோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம், அந்த ஊர் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் அடக்கத்துக்கு நீ வர முடியாததை யாரும் குறை சொல்லவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நான் இன்னும் அழவில்லை. அடுப்பு மூட்டுகிறேன், புல் அறுக்கிறேன், படுக்கிறேன்.

அடக்கம் முடிந்த கையோடு உன் பெரியப்பா மகன் முவடிமே கோர்ட்டு ஆளோடு வந்தான். நிலமும் வீடும் அவனுக்கென்று தீர்ப்பாகிவிட்டதாம், காலி செய்ய வேண்டுமாம். வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது. "சித்தப்பா கையிலயே சம்மன் குடுத்தாச்சு சித்தி, அவருதான் வரல" என்றான், முற்றத்தில் அப்பாவைப் புதைத்த புது மண் மேட்டைப் பார்க்காமலே. நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் வக்கீலம்மா முகோயிடம் போனேன். "உங்க பக்கம் தப்புன்னு யாரும் சொல்லலம்மா, நீங்க வராததால அவன் சொன்னத மட்டும் கேட்டு எழுதினது இது. ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ஆனா தள்ளிப் போடக்கூடாது. ஏன் வரலைன்னு சொல்லணும், நிலம் உங்களதுன்னு சொல்ல என்ன இருக்குன்னும் காட்டணும்" என்றாள். மனு போட்டு, முதலில் காலி செய்யும் உத்தரவை நிறுத்தி வைக்கச் செய்தாள்.

விசாரணையன்று சம்மன் கொண்டுவந்தவன், அப்பா நம் வீட்டு வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டதாகச் சத்தியம் செய்தான். அவன் சொன்ன அந்த வாரம் முழுக்க அப்பா ஆஸ்பத்திரியில், நான்தான் கரண்டியால் கஞ்சி புகட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட், "படுக்கையில கெடந்தவரு உனக்காக எந்திரிச்சு வந்தாரா?" என்று கேட்டார். பின்னால் சிலர் சிரித்தார்கள். சம்மனே சேராத தீர்ப்பு நிற்காது என்று அங்கேயே ரத்து செய்துவிட்டார். நிலம் நமக்கென்று ஆகிவிடவில்லை, வழக்கு இனிமேல்தான் முதலிலிருந்து நடக்கும், இந்தத் தடவை நம் பக்கமும் கேட்பார்கள்.

வெளியே வந்ததும் முகோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ஆள் சொன்னபோது, அப்பா எழுந்து வாசலில் நிற்பது அப்படியே தெரிந்தது மகளே. அது பொய்யாக இல்லாமலிருந்தால் போதும், வீடு போனாலும் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

உன் பெயருக்குக் கோர்ட்டுக் காகிதம் எது வந்தாலும் ஒதுக்கி வைக்காதே, உடனே முகோய்க்குப் போன் செய். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
வவூடா