பழைய ரத்தம், புது ரத்தம்

1996 ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். அம்முவின் யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரி போட்டே காயவைத்தேன். நான் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஸ்கேன் சென்டரில் இரண்டு தடவை கரண்ட் போனது.

மதியம் ஒரு ஐந்து மாதக் குழந்தை. ஆண், பெயர் குமரேசன். வாந்தி, வலிப்பு. குழந்தைகள் டாக்டர் ராவ் சார் தன் வார்டிலிருந்து அனுப்பியிருந்தார். தமிழ்நாட்டில் ராமாபுரத்துக் குடும்பம், இந்தக் கன்னட ஊரில் கட்டட வேலை, ஷெட்டில் வாசம். அப்பா மேஸ்திரி. அம்மா செல்வி, இருபது வயது இருந்தால் அதிகம். நான் தமிழில் பேசியதும் அவள் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, நீங்க நம்ம ஆளுங்களா!"

எப்படி ஆச்சு என்று கேட்டேன். "தூளியிலிருந்து உழுந்துட்டானுங்க. உரம் உழுந்திருக்கும்னு பக்கத்து ஷெட் அக்கா சேலையில போட்டு உருட்டி எடுத்துச்சுங்க."

படத்தில் மூளைக்கு மேல் ரத்தம். வெள்ளையாகத் தெரிந்தது, அப்படியென்றால் புதுசு.

ராவ் சாருக்கு உரம் என்றால் தெரியவில்லை. கன்னடத்தில் விளக்கினேன்: பச்சைப் பிள்ளைக்குச் சுளுக்கு மாதிரி. சேலையில் கிடத்தி, ஆளுக்கொரு முனை பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டி எடுப்பார்கள். "ஓஹோ, அதில்தான் ஆகியிருக்கும்" என்றார். நிம்மதி அவருக்கு. ரிப்போர்ட்டில் அதையே எழுதினேன். என் தமிழ் ஒரு வேலைக்கு ஆயிற்றே என்று கொஞ்சம் பெருமைகூட.

ஜூலை 9, செவ்வாய்

என் அம்மா ஃபோன். உரம் கதையைச் சொன்னேன். "உனக்கே எத்தனை தடவை எடுத்திருக்கு! நீ என்ன, டாக்டராகலையா?" சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வாஸ்தவம்தானே. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

படத்தை மறுபடி லைட் பெட்டியில் மாட்டினேன். வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பட்டை. நேற்று அதை வெறும் நீர் என்று விட்டிருந்தேன். நீர் இல்லை. பழைய ரத்தம். வாரங்கள் போனால் வெள்ளை இப்படித்தான் கறுக்கும். ஒரே தலைக்குள் இரண்டும்.

வார்டுக்கு ஓடினேன். செல்வியிடம் கேட்டேன்: உரம் என்றைக்கு எடுத்தது?

"ஞாயித்துக்கிழமைங்க. வலிப்பு வந்ததுக்குப் பொறகு."

அதற்கு முன்னால்?

"எடுத்ததே இல்லீங்க."

ஆக, உரம் காரணமே இல்லை. வலிப்புக்கு அப்புறம் செய்த வைத்தியம். நம் பழக்கம் தெரியாத டாக்டர் என்றால் நாலு கேள்வி கேட்டிருப்பார். நான் தெரிந்ததுதானே என்று அப்படியே விழுங்கிவிட்டேன். மடச்சி.

குழந்தையின் அப்பா வந்தார். ஃபிளாஸ்க், பிஸ்கட் பாக்கெட். மெல்லிய குரல். "பையன் பொழச்சுக்குவானுங்களா டாக்டரம்மா?" கண் கலங்கியிருந்தது, நடிப்பு மாதிரி இல்லை. குழந்தை அழுதது. அவர் கை நீள்வதற்குள் செல்வி பாய்ந்து வந்து தூக்கிக்கொண்டாள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, புதன்

ராவ் சாரிடம் பழைய ரத்தத்தைக் காட்டினேன். கண் டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். இரண்டு கண்ணுக்குள்ளும், பின்பக்கம் முழுக்க ரத்தம். தூளியிலிருந்து விழுந்த பிள்ளைக்கு இப்படி வராது என்றார்.

ராவ் சார் என் முதல் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "உரம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

ஆமாம், நான்தான். அதை நம்பி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று அவர்களிடம் சொல்லியும்விட்டாராம். போனால் அதே ஷெட். அடுத்த தடவை குழந்தை உயிரோடு வருமா என்றே சந்தேகம்.

சென்டர் ஓனர்: "பிட்பிடி மேடம், விட்டுடுங்க. நாம படம் எடுக்கறவங்க. போலீஸ் கீலீஸ் நமக்கெதுக்கு?"

ரிப்போர்ட்டை மாற்றி டைப் அடிக்கச் சொன்னேன். வெவ்வேறு காலத்து ரத்தம். விழுந்ததாலோ உரம் எடுத்ததாலோ ஆனதல்ல. யாரோ பலமாகக் குலுக்கியிருக்க வேண்டும், ஒரு தடவைக்கு மேல். கையெழுத்துப் போட்டேன். தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம்.

சாயங்காலம் இவர் அம்முவைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். கத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை! ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஜூலை 11, வியாழன்

வாங்க வேண்டியது: தக்காளி, மோர் மிளகாய், கொசுவலை. மார்க்கெட் போக நேரமில்லை.

ராவ் சார் போலீசுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு அனுப்புவது நிறுத்தம். நல்ல மனுஷன், பயந்துகொண்டே செய்தார்.

வராந்தாவில் மேஸ்திரி: "தூளியிலிருந்து உழுந்த புள்ளைக்குப் போலீசுங்களா? கூலிக்காரன்னா இளப்பமா?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவர் பக்கம். எனக்கே அவர் பக்கம் போய்விடலாம் போலிருந்தது.

செல்வி தலை நிமிரவில்லை. "தமிழுன்னு நம்பித்தானுங்க உங்ககிட்ட எல்லாஞ் சொன்னேன்."

ஜூலை 12, வெள்ளி

வெயில். குழந்தைக்கு வலிப்பு நின்றிருக்கிறது. பால் குடிக்கிறான்.

கான்ஸ்டபிள் வந்தார். அவருக்குக் கன்னடம் மட்டும், அதனால் நடுவில் நான். மேஸ்திரியை வெளியே உட்காரவைத்தார்கள். செல்வி மறுபடி அதே தூளிக் கதை. நான் அதையே கன்னடத்தில் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

திடீரென்று அவள், "ஏனுங்க, அந்தப் படத்துல கை தெரியுங்களா?"

"என்ன கை?"

"ஆரு குலுக்குனாங்கன்னு."

தெரியும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு மனசு வரவில்லை. "தெரியாது செல்வி. ரத்தம் மட்டும்தான் தெரியும். யாருன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது."

குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மேஸ்திரி இருந்த கதவுப் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான், இனி எதுவும் சொல்லாமல் தப்பித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப நாந்தானுங்க சொல்லோணும்" என்றாள்.